மலைநாட்டுத் தேனீயும் மறதி நஞ்சும்

நாவலப்பிட்டியைக் கடந்ததும் புகையிரதம் மூச்சிரைக்கத் தொடங்குகின்றது. கலபொடை, வட்டவளை, றொசல்ல என நிலையங்கள் பின்னே நழுவ, இருமருங்கும் தேயிலை விரிகின்றது. யாழ்ப்பாணத்துப் பனங்கூடலிலும் செம்மண் தோட்டத்திலும் பழகிய கண்ணுக்கு அந்தப் பசுமை ஒரு மயக்கத்தையே தரும். சீவிவிட்ட தலைமயிர்போல வரிவரியாகச் செடிகள், இடையிடையே வெள்ளை நூலாய் இறங்கும் அருவிகள், உச்சியில் முகில். பயணிகள் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படம் எடுக்கின்றனர். "என்ன இயற்கை, என்ன இயற்கை!" என்று எனக்கு எதிரே இருந்த கொழும்பு அன்பர் ஒருவர் வாய்விட்டு வியந்தார்.

இயற்கைதானா என்று கேட்கத் தோன்றிற்று. இந்த மலைகளில் இயற்கையாக நின்ற காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869ஆம் ஆண்டு முதல் கோப்பியை இலைநோய் தின்றது. பின்னர் தேயிலை வந்தது. ஒரே இனச் செடி, ஒரே உயரம், வாரத்துக்கு வாரம் ஒரே கொழுந்து. உண்மையைச் சொன்னால் இது கூரையில்லாத ஒரு தொழிற்சாலை. புகைபோக்கி இல்லாமையால் நாம் அதனைக் காடு என்று எண்ணி ஏமாறுகின்றோம். புகைபோக்கி இல்லாத தொழிற்சாலையின் கழிவு எங்கே போகின்றது என்பதும் எளிதிற் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரியதான ஒரு மூளை. அந்த மூளையைப் பற்றியே இக்கட்டுரையில் சொல்ல வந்தேன்.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அட்டனில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் சில நாள் தங்கினேன். ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரத்தில் உள்ள அட்டன் சிறிய நகரம். ஆனால் மார்கழி தொடக்கம் வைகாசி வரை அது சிறிய நகரமாக இருப்பதில்லை. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அடியார் கூட்டம் அவ்வழியாகவே டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி என்று போகின்றது. பஸ் வண்டிகளும் வான்களும் இரவு பகலாக மேடேறுகின்றன. பள்ளத்தாக்கில் காற்று அசையாத காலை வேளைகளில் டீசல் புகை தெருவின்மேல் நீல நிறத்தில் படுத்துக் கிடப்பதை என் கண்ணாற் கண்டேன். நண்பர் வீட்டு யன்னற் சீலையை விரலாற் தொட்டால் விரல் கறுக்கின்றது.

மலைநாட்டுச் செய்திகளைப் பத்திரிகையிற் படிப்பவர்களுக்குக் "குளவிக் கொட்டு" என்ற தொடர் பழகிப்போன ஒன்று. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பத்துப்பேர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி. இன்னொரு தோட்டத்தில் ஒரு மூதாட்டி மரணம். மாதந்தோறும் வரும் இச்செய்திகளை நாம் மழைச் செய்திபோலப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகின்றோம். செங்குத்தான சரிவில், தோளில் கொழுந்துச் சுமையுடன், இடுப்பளவு செடிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு பெண் எந்தத் திசையில் ஓடுவாள்? இதனைப் பாதையில் நின்று பார்த்தாற்கூட முழுமையாக விளங்காது. நிரைக்குள் இறங்கி நிற்கவேண்டும்.

தோட்டத்து மக்கள் கொட்டுகின்ற யாவற்றையும் குளவி என்றே சொல்கின்றனர். ஆயினும் பல வேளைகளில் கொட்டுவது குளவியன்று, மலைத்தேனீ. சிங்களத்தில் இதனைப் பம்பர என்றும், உண்மைக் குளவியைத் தெபர என்றும் பிரித்துச் சொல்வர். சிகிரியாக் குன்றில் ஏறுபவர்களை அவ்வப்போது இறங்கி ஓடச்செய்வதும் இந்தப் பம்பரவே. உயர்ந்த மரத்தின் கிளையிலோ பாறை விளிம்பிலோ ஒற்றை அடையை வெட்டவெளியில் தொங்கவிட்டு, அதன்மேல் ஆயிரமாயிரமாகப் போர்வைபோல மூடிக்கொண்டிருக்கும் பெரிய ஈ. பருந்து அடையைத் தாக்கினாலும், காற்று கிளையை உலுக்கினாலும், அடியில் எவரேனும் புகை மூட்டினாலும் போர்வை கிழிந்து கீழே வருகின்றது. முதலிற் கொட்டிய ஈ விட்டுச்செல்லும் கொடுக்கிலிருந்து கனிந்த வாழைப்பழ மணத்தை ஒத்த ஒரு வாடை எழும். அந்த வாடை மற்ற ஈக்களுக்குப் போர்முரசு. ஆகையால் ஒரு கொட்டு வாங்கியவருக்கு நூறு கொட்டு விழுகின்றது.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் (அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை) லயத்துக்கு மேலே பெரிய டர்பன்டைன் மரம் ஒன்று நிற்கின்றது. அதன் கவட்டில் மூன்று அடைகள் தொங்கின. முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் அதனைச் சுட்டிக் காட்டினார். அவருடைய கன்னத்தில் பழைய கொட்டுகளின் தழும்பு இன்னும் இருந்தது.

"வருசா வருசம் இதே மரந்தாங்க மாஸ்டர். பூ முடிஞ்சா எங்கயோ போயிரும். திரும்பி வந்தா அதே கொப்புலதான் ஒக்காரும். மனுசன் மறந்தாலும் அது மறக்காது," என்றார்.

"உங்களைக் கொட்டிய பிறகும் அதன்மேல் கோபம் இல்லையா, அம்மா?"

"கோவப்பட்டு என்னங்க செய்ய? அதுவும் நம்மள மாதிரி எடம் விட்டு எடம் வந்ததுதானே."

அந்த மறுமொழிக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால், அவர் சொன்ன முதற் செய்தி விஞ்ஞானிகளையும் வியக்கவைத்த ஒன்று. மலைத்தேனீ பூக்காலத்தைத் தொடர்ந்து இடம்பெயரும் இனம். பல மாதங்கள் கழித்துப் பழைய மரத்துக்கே கூட்டம் திரும்புகின்றது என்பதை மக்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தனர். அஸ்ஸாமிலும் பிற ஆசிய நாடுகளிலும் மரபணுச் சோதனை நடத்திய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் "நேச்சர்" இதழில் அதனை உறுதிசெய்தனர். வந்து அமர்வது வேறு கூட்டமன்று. போன கூட்டத்தின் அதே குடும்பமே. வேலைக்கார ஈயின் ஆயுளோ குறுகியது. போகும்போது வழி பார்த்தவர்களிற் பலர் திரும்பும்போது உயிருடன் இருப்பதில்லை. அப்படியாயின் மரத்தின் முகவரியை யார் வைத்திருக்கிறார்கள்? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டு மாணவரைத் திணறவைப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

தேனீயின் மூளையில் ஏறக்குறையப் பத்து இலட்சம் நரம்புக்கலங்களே உள்ளன. அந்தச் சிறு சரக்கறைக்குள் சூரியனின் நகர்வு, பூவின் நிறம், மணம், தேன் சுரக்கும் நேரம், வழியில் நிற்கும் அடையாள மரங்கள் யாவும் அடங்குகின்றன. பூவைக் கண்டுவந்த ஈ தன் அடையின்மேல் நடனம் ஆடித் திசையையும் தூரத்தையும் மற்றவைக்கு அறிவிக்கின்றது. இந்த நடன மொழியைப் படித்தறிந்த ஓஸ்திரிய நாட்டுப் பேரறிஞர் கார்ல் வொன் பிறிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லின்டவர் 1950களின் நடுப்பகுதியில் நம் நாட்டுக்கே வந்து, பேராதனையில் தங்கி, இலங்கைத் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தார் என்பது நம்மில் எத்தனைபேருக்குத் தெரியும்? சின்னஞ்சிறு கொம்புத்தேனீ அடையின் மேல்தளத்தில் நின்று பூவிருக்கும் திசையை நேராகவே காட்டுகின்றது; இருட்டுப் பொந்தில் வாழும் அடுக்குத்தேனீ செங்குத்து அடையில் ஆடி, சூரியனுக்கும் பூவுக்கும் இடையிலுள்ள கோணத்தைச் சாய்வாக மாற்றிச் சொல்கின்றது; மலைத்தேனீயோ செங்குத்து அடையில் ஆடினாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுகின்றது. ஒரே மொழியின் மூன்று வட்டார வழக்குகள் இவை. பின்னர் 1980இல் கொனிகர் தம்பதியர் இலங்கை மலைத்தேனீயின் இடப்பெயர்ச்சியையும் அதற்கு முந்திய நடனத்தையும் பற்றி எழுதினர். ஆக, மேனாட்டார் நம் மலைகளுக்கு வந்து தேயிலையை மாத்திரம் கொண்டுபோகவில்லை. தேனீயின் அறிவையும் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இத்தகைய அறிவு வாழும் இடத்தில்தான் மருந்து தெளிக்கப்படுகின்றது. தோட்டத்தில் நஞ்சு என்று சொல்வதில்லை. மருந்து என்றே சொல்வர்.

மருந்தின் வரலாறு பழையது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது செம்புக் கலவை தெளித்துத் தோட்டங்களைக் காத்தனர். அதற்கும் பத்தாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு கதை இன்னும் சுவையானது. இலைகளைச் சுருட்டித் தின்னும் ஒரு புழு தேயிலையைப் பாழாக்கி வந்தது. 1935, 36ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து ஒரு நுண்ணிய குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவைத் தேடிப் பிடித்து அதனுடலில் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். சில ஆண்டுகளில் புழு அடங்கிற்று. சம்பளமும் கேட்காமல், லயமும் கேட்காமல் மலை முழுவதும் வேலைசெய்த கூலியாள்! பின்னர் தேயிலைக் கம்பைத் துளைக்கும் ஒரு சிறு வண்டை ஒழிக்கவேண்டி டீல்ட்றின் என்னும் கடுநஞ்சைத் தெளித்தார்கள். வண்டோடு குளவியும் மாண்டது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி கிளம்பிற்று. பூச்சியியல் நூல்களில் இந்த இலங்கைக் கதை இன்றும் பாடமாக எடுத்துரைக்கப்படுகின்றது. கொட்டுவதாற் பழி சுமந்த குளவி என்ற பெயருக்கு, கைம்மாறு கருதாது உழைத்த இன்னோர் உரிமையாளரும் இருந்தார் என்பதை இங்கே சொல்லிவைப்பது நியாயம்.

டீல்ட்றின் கொன்றது. எத்தனை பூச்சி இறந்தது என்று எண்ணலாம். ஆகவே தவறு வெளிப்பட்டது. இன்றைய நஞ்சுகளிற் சில வேறு வகையானவை. தேனீயைக் கொல்லாத சிறு அளவிலேயே அதன் நினைவைக் கலைத்துவிடுகின்றன. செத்து விழுந்த ஈயைப் பொறுக்கி எண்ணலாம். வழி தெரியாமற் போன ஈயை எங்கே போய் எண்ணுவது? அது கூட்டுக்குத் திரும்பவில்லை, அவ்வளவே.

புகையிலையிலுள்ள நிக்கொட்டினைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கிய பீடைநாசினிகள் உள்ளன. இமிடாக்குளோபிரிட், தயமெதொக்சாம் முதலியன அவ்வினம். செடியின் சாற்றோடு கலந்து இலை, பூ, மகரந்தம் எங்கும் பரவக்கூடியவை. பூச்சியின் நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசும் வாயிலை இவை பற்றிக்கொள்கின்றன. 2012இல் பிரான்சு நாட்டு அவிஞ்யோன் ஆய்வாளர் தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணுச் சீட்டுகளை ஒட்டி, கொல்லாத அளவில் தயமெதொக்சாம் கலந்த சர்க்கரை நீரை ஊட்டித் தொலைவில் விட்டனர். பழகிய நிலத்தில் இந்நஞ்சினாற் பத்தில் ஒன்று தொலைந்தது; பழகாத நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வீடு திரும்பவில்லை. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வினத்து மூன்று நஞ்சுகளைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடைசெய்தது.

பழகாத நிலம் என்ற சொல் எனக்கு உறுத்திற்று. மலைத்தேனீயின் வாழ்க்கையிற் பாதி, பழகாத நிலத்திலன்றோ கழிகின்றது!

நம் தேயிலை மலைகளிலோ பெரும் பேச்சு களைநாசினியைப் பற்றியது. கிளைபோசேற் என்பது களைகளை அழிக்கும் இரசாயனம். சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தினால் 2015இல் அரசு அதனைத் தடைசெய்தது. தேயிலை நிரைகளுக்கிடையே புல் மண்டிற்று. கையால் களைபிடுங்க ஆளில்லை என்று தோட்டத்துரைமார் முறையிட்டனர். வேறு களைநாசினிகளை நாடியபோது அவற்றுள் ஒன்றின் எச்சத்தை நமது தேயிலையில் யப்பான் கண்டு எச்சரித்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயனப் பசளை உட்பட யாவற்றின் இறக்குமதியும் ஒரே இரவில் நின்றது போலாகி, கார்த்திகை மாதத்தில் அம்முடிவு கைவிடப்பட்டது. அந்த ஆறு மாதத்துக் குழப்பம் விவசாயிகளுக்கு விளைத்த துன்பத்தை ஈண்டு விரிக்கப் புகுந்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். ஒன்றைமட்டும் சொல்வேன்: நஞ்சைக் குறைப்பது நல்ல நோக்கமே, ஆனால் உழவனைக் கேளாமல் ஒரு நாளிற் செய்தால், மறுநாள் அவன் இரட்டிப்பு நஞ்சை நாடுவான்.

கிளைபோசேற் செடிக்கு மட்டுமே பகை, விலங்கின் உடலில் அது தாக்கும் வழியே இல்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தனர். தேனீயின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களிடம் அந்த வழி உண்டு என்பதை 2018இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அதற்கு முன், 2015இல், ஆர்ஜென்ரீன ஆய்வாளரும் ஜெர்மானியரும் சேர்ந்து ஓர் எளிய சோதனை செய்தனர். வயலிற் காணக்கூடிய அளவு கிளைபோசேற் கலந்த இனிப்பு நீரை ஒருமுறை குடித்த தேனீக்கள் வீடு திரும்பின. ஆனால் சுற்றிச்சுற்றி, நேரம் பிடித்து, நேர்வழி தெரியாதவைபோலத் திரும்பின. தேயிலை மலையில் நிரையோரத்தில் மலர்ந்திருக்கும் சிறு பூக்களே தேனீக்குத் தினசரி உணவு. கொழுந்துக்காகக் கிள்ளிக் கிள்ளித் தேயிலைச் செடியைப் பூக்கவிடாத இடத்தில் களைதான் பூந்தோட்டம். களைநாசினி தெளித்த அன்று அந்தப் பூ வாடிவிடுவதில்லை. வாடும்வரை ஈக்கள் வந்துகொண்டேயிருக்கும்.

நமது தேயிலைப் பெட்டி கப்பலேறுமுன் சோதிக்கப்படுகின்றது. எந்த நஞ்சு எத்தனை நுண்பங்கு இருக்கலாம் என்று ஐரோப்பாவும் யப்பானும் பட்டியல் வைத்திருக்கின்றன. கோப்பையிற் குடிப்பவரின் உடலுக்காக வகுத்த அளவு அது. தெளிப்பவரின் தலைவலிக்கோ, நிரையோரத்துத் தேனீயின் நினைவுக்கோ அந்தப் பட்டியலில் நிரல் கிடையாது. கோப்பை சுத்தமாக இருக்கலாம். மலை அப்படியிருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்திற் சென்றேன். கொட்டகலைக்கு முன்னே சிங்கமலைச் சுரங்கம். பெட்டியின் யன்னல்கள் திறந்திருந்தன. இயந்திரத்தின் புகை உள்ளே புகுந்து, வெளிச்சம் வரும்வரை எல்லோரும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டோம். வெளியே வந்தபின்னும் சிறிது நேரம் எனக்கு எந்த மணமும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த சிறுவன் தோடம்பழம் உரித்தான், கண்டேன், முகரவில்லை. என் மூக்கை அடைத்தது புகை. சில நிமிடத்தில் அது தெளிந்தது. தேனீக்கு நேர்வது இதனினும் விசித்திரமானது. அதன் மூக்கு நன்றாகவே இருக்கும். பூவின் மணமே காற்றில் மாறிவிடும்.

2013இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வாளர் கடுகினப் பூ ஒன்றின் மணத்திலுள்ள எட்டுப் பொருள்களை எடுத்து டீசல் புகையோடு கலந்து பார்த்தனர். அவற்றில் இரண்டு ஒரு நிமிடத்துக்குள் காணாமற்போயின. அந்த மணத்துக்கு இனிப்புக் கிடைக்கும் என்று பழக்கப்பட்ட தேனீக்கள், முழு மணத்தை முகர்ந்தால் நாக்கை நீட்டும். அந்த இரண்டும் இல்லாத மணத்தைக் கொடுத்தபோது பெரும்பாலானவை சும்மா இருந்தன. நினைவு இருக்கின்றது, நினைவுக்குரிய பொருள்தான் மாறிவிட்டது. எழுதிவைத்த முகவரி கையில் இருக்க, தெருவின் பெயர்ப்பலகையை யாரோ மாற்றிவிட்டாற் போல. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் கூந்தலின் மணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமாறு ஒரு வண்டினிடமே கேட்கப்படுகின்றது. மணத்துக்கு வண்டே நீதிபதி என்று நம் முன்னோர் கொண்டனர். அந்த நீதிபதியின் முன்னே இன்று சாட்சியமே திரிக்கப்பட்டு வருகின்றது.

நம் மலைத்தேனீயைக் கொண்டே செய்த ஆய்வும் உண்டு. பெங்களூர் விஞ்ஞானிகள் அந்நகரின் தூய பகுதியிலும் புகை மிகுந்த பகுதிகளிலும் மூன்றாண்டுகளுக்கு மேலாக 1,820 மலைத்தேனீக்களைப் பிடித்து ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். புகை மிகுந்த இடத்தில் பூவுக்கு வந்த ஈக்களின் தொகை குறைவு. அங்கே பிடிபட்ட ஈக்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஒரு நாளுக்குள் இறந்தன. உயிரோடிருந்தவற்றின் இதயத் துடிப்பு சீர்குலைந்திருந்தது. உடலின்மேல் ஈயம் முதலிய உலோகத் தூள் படிந்திருந்தது. அட்டன் பெங்களூரன்று, அதன் சனத்தொகையும் வாகனமும் மிகச் சிறியவை. ஆயினும் யாத்திரைக் காலத்து இரவில் நோர்வூட் பாதையில் நின்று பார்ப்பவர், பள்ளத்தாக்கு ஒரு கிண்ணம் என்பதையும், கிண்ணத்தில் ஊற்றியது எளிதில் வழிந்தோடாது என்பதையும் உணர்வர்.

நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே. தேசாதிபதி கிரகரி 1873இல் அமைத்த ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரியும் படகுச் சவாரியும் அமளிதுமளிப்பட்டன. அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். என் மனத்தில் நின்றது நகரைச் சூழ்ந்த காய்கறித் தோட்டங்கள். லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு என்று மலைச்சரிவு முழுவதும் படிக்கட்டு வயல்கள். ஈரக்குளிர் நாட்டில் பூச்சியும் பூஞ்சணமும் ஓய்வதில்லை. ஆகையால் மருந்தும் ஓய்வதில்லை. தேயிலைத் துரைக்காவது வெளிநாட்டுப் பட்டியல் ஒன்று முன்னால் இருக்கின்றது. சிறு விவசாயியின் முன்னால் இருப்பது கடைக்காரரின் ஆலோசனை மட்டுமே. நான் பேசிய ஒருவர், பூசணிக்கொடி பூத்தும் காய் பிடிப்பதில்லை என்றும், தாமே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்ப்பதாகவும் சொன்னார். "முந்தி ஈ செஞ்ச வேலை," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கலந்துகொள்ள முடியவில்லை.

இவ்வளவும் படித்தபின், தேனீ புத்தி கலங்கித்தான் பெண்களைக் கொட்டுகின்றது என்று எவரேனும் முடிவுகட்டுவராயின் அது பிழை. நினைவு குன்றிய ஈ வெறிகொண்டு வருவதில்லை. வலுவிழந்து, வழிதப்பி, எங்கோ ஓர் இலையின்கீழ் இரவில் விறைத்துப் போகின்றது. கொட்டுகின்ற ஈ, தன் வீட்டை நன்றாக நினைவில் வைத்திருக்கும் ஈ. ஆனபடியால், குளவிக் கொட்டை நிறுத்த அடைகளுக்குத் தீ வைப்பதும், தேனீயை வாழவிடுவதற்காகப் பெண்களைக் கொட்டுக்கு விடுவதும் இரண்டும் மடமை. எந்த மரத்தில் அடை இருக்கின்றது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வருடாவருடம் அதே மரம் என்பதும் தெரியும். அந்த மலையில் அந்த மாதங்களில் ஆள் இறக்காமல் இருக்கலாம்; அல்லது இறக்குமுன் ஒருவர் போய்ப் பார்க்கலாம். தேனீயின் நினைவு அத்தனை உறுதியானது என்பதே பெண்களைக் காக்கக்கூடிய செய்தி. அந்த உறுதி போய், கூட்டங்கள் கண்ட மரத்தில் கண்டபடி அமரத் தொடங்கினால், முப்பத்தெட்டு ஆண்டு அனுபவமுள்ள அம்மையாராலும் எந்த நிரை ஆபத்தானது என்று சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் தலவாக்கலையில் இறங்கினேன். 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் அந்நகருக்கு அண்மையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கின்றது. அங்கு போய்வரும் பாதையில், முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து வந்த, வேறொரு தோட்டத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரோடு பேச்சு ஏற்பட்டது. வயது முப்பது இருக்கும். முகமூடி கழுத்திலே தொங்கிற்று. மேடேறும்போது அதை அணிந்தால் மூச்சு முட்டுகின்றது என்றார்.

"மருந்து அடிச்ச அன்னிக்கு ராத்திரி தலை கனமா இருக்கும் மாஸ்டர். சொன்னது மறந்து போகும். சம்சாரம் கடைக்கு அனுப்பினா பாதி சாமான் மறந்துட்டு வருவேன்."

தேனீயைப் பற்றி நான் படித்ததை அவருக்குச் சொன்னேன். ஆர்வத்தோடு கேட்டார். பூக்கள் மலர்ந்திருக்கும் காலை வேளையை விட்டு, ஈக்கள் அடைக்குத் திரும்பிய பின்னர் மாலையில் தெளித்தால் பாதி நஞ்சு அவற்றுக்குத் தப்பும் என்றும், ஓடையோரத்தில் இரண்டு முழம் பூஞ்செடியைத் தெளிக்காமல் விடலாம் என்றும் சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். "ஓடை ஓரம் விடலாம் மாஸ்டர். அதுக்கு ஐயாமார் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. பொழுதுபட அடிக்கிறதுதான் கஷ்டம். இங்க மத்தியானத்துக்கு மேல மழை. அடிச்ச மருந்தெல்லாம் கழுவிக்கிட்டு ஆத்துக்குப் போயிரும். திரும்ப ரெண்டாந்தரம் அடிக்கச் சொல்லுவாங்க. அதோட, பேர் போடுறது காலையிலதானே."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்மலையில் முகில் இறங்கிற்று. அவர் தாங்கியைத் தோளில் ஏற்றி, முகமூடியைச் சரிசெய்துகொண்டு, மழைக்கு முன் இன்னும் நாலு நிரை முடிக்கவேண்டும் என்று விரைந்து மேலேறிப் போனார்.